ஊசி போட்ட பிறகு நாங்கள் எங்கே போகிறோம்?

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து மூன்றாம் நாள். அப்பெண்டிக்ஸ் வருத்தத்துடன் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தியைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். தியேட்டர் கதவடியில் அவளுடைய உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“டொக்டர், நீங்கதானே மயக்க ஊசி போடுற? போட்டுட்டு நீங்க போயிருவீங்களா?”

“இல்ல உம்மா. மகள் முழிக்கும் வரைக்கும் நான் அவட தலமாட்டுலதான் இருப்பன்.”

அவர் தலையை ஆட்டினார், ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. மயக்கமருந்து வைத்தியர் என்றால் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகிறவர் என்றுதான் எங்கள் பகுதியில் பலரும் நினைக்கிறார்கள். இதே கல்லூரியில் உயர்தரத்தில் உயிரியல் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சஞ்சிகைக்கு ஏதாவது எழுதித் தரும்படி ஆசிரியை கேட்டபோது, அந்த உம்மாவின் கேள்விக்கு நின்று பதில் சொல்ல அன்று நேரம் இருக்கவில்லையே என்பது நினைவுக்கு வந்தது. தங்கைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மயக்கம் என்பது தூக்கம் அல்ல. தூங்குகிறவரைக் கிள்ளினால் விழித்துக்கொள்வார். தொண்டையில் எச்சில் இறங்கினால் தூக்கத்திலேயே விழுங்குவார், அல்லது இருமுவார். மயக்கத்தில் இவை எதுவும் இல்லை. நாக்கு பின்னோக்கிச் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கும். தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்தால் மூச்சே நின்றுவிடும். அதன் பிறகு அவருக்காக மூச்சு விடுவது நாங்கள்தான். மருந்து கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. மிகுதி நேரம் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்கள் தொழில்.

விழுங்குவதும் இருமுவதும் இல்லாமற் போவதால்தான் ‘ஒன்றும் சாப்பிடக் கொடுக்காதீர்கள்’ என்று தாதியர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். இரைப்பையில் இருப்பது மேலே வந்து வாதனாளிக்குள் இறங்கினால், அதன் அமிலம் சுவாசப்பையை எரித்துவிடும். உணவுத் துண்டு போனால் அடைத்துவிடும். பிரசவ வேளையில் மயக்கமருந்து பெற்ற தாய்மாருக்கு இது நேர்வதை அமெரிக்க வைத்தியர் கேர்ட்டிஸ் மெண்டல்சன் 1946இல் விரிவாக எழுதினார். இன்றும் அந்த நிலைமைக்கு அவருடைய பெயர்தான்.

அன்று அந்தப் பிள்ளையிடம் கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டேன். “ராத்திரி டொக்டர், அதுக்குப் பிறகு ஒண்டும் குடுக்கல்ல” என்று உம்மா முந்திக்கொண்டு சொன்னார். உம்மா கையெழுத்துப் போட அப்பால் போன நேரம் பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: “காலைல சாச்சி ரெண்டு பிஸ்கட்டும் பிளேன்டீயும் தந்தா. பசியோட எப்பிடிப் போறதெண்டு. உம்மாக்குத் தெரியா.”

பிளேன்டீ பெரிய பிரச்சினை அல்ல. பால் கலக்காத தேநீரும் வெறும் தண்ணீரும் சுமார் 2 மணித்தியாலத்தில் இரைப்பையை விட்டுப் போய்விடும். பிஸ்கட் திண்ம உணவு. அதற்கு 6 மணித்தியாலம் வேண்டும். பால் தேநீரையும் நாங்கள் உணவாகவே கணக்கில் எடுக்கிறோம். தாய்ப்பாலுக்கு 4 மணித்தியாலம். வயிற்று வருத்தம் இருப்பவருக்கு இரைப்பை மெதுவாகவே வேலை செய்யும் என்பதால் இந்தக் கணக்கும் முழுமையான பாதுகாப்புத் தராது. சத்திரசிகிச்சை நிபுணரோடு பேசினோம். அவளுடைய நிலைமை இடம் கொடுத்ததால் பின்னேரம் வரை பொறுத்தோம். அப்போதும் வயிறு நிறைந்திருப்பதாகவே எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்தோம்.

சாச்சிமாரே, மூத்தம்மாமாரே, பாசத்தில் கொடுக்கிறீர்கள் என்பது தெரியும். நோன்பு மாதத்தில் பத்து வயதுப் பிள்ளைகள்கூட பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பசியோடு இருக்கிறார்கள். ஒப்பரேஷனுக்காக ஒரு காலைப் பசி பொறுத்தால் ஒன்றும் ஆகாது. கொடுத்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். நாங்கள் ஏசமாட்டோம். ஏசினாலும் சொல்லுங்கள்.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். 1846 ஒக்டோபர் 16ஆந் திகதி அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வில்லியம் மோர்ட்டன் ஈதர் ஆவியைக் கொடுத்து, வலியில்லாத சத்திரசிகிச்சை முடியும் என்று பலர் முன்னிலையில் காட்டினார். அடுத்த வருடமே எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபோமைக் கொண்டுவந்தார். அதே 1847இல்தான் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் எங்கள் நாட்டு மாணவர்களுக்குத் தமிழில் வைத்தியம் கற்பித்த அவர், 1867இல் சத்திரசிகிச்சைக்கென ‘இரண வைத்தியம்’ என்ற நூலையும் தமிழில் வெளியிட்டார். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இது முடிந்திருக்கிறது. இன்று என் மேசையில் இருக்கும் கருவிகளில் பாதிக்குத் தமிழ்ப் பெயர் தேடி நான் இந்தக் கட்டுரையில் திண்டாடுகிறேன்.

குளோரோபோம் வந்து மூன்று மாதம் ஆகவில்லை. 1848 ஜனவரி 28இல் இங்கிலாந்தின் வடக்கே ஒரு கிராமத்தில் ஹன்னா கிறீனர் என்ற பிள்ளைக்குக் கால் நகம் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. துணியில் குளோரோபோமை ஊற்றி முகத்தருகே பிடித்தார்கள். சில நிமிடங்களுக்குள் அவள் இறந்துபோனாள். அவளுக்கு வயது 15. மயக்கமருந்தால் நேர்ந்ததாக முதன்முதலில் பதிவான மரணங்களில் ஒன்று அது.

அவள் ஏன் இறந்தாள்? இதயம் நின்றதா, மூச்சு நின்றதா? இது வெறும் மருத்துவ வாதமல்ல. இதயம் முதலில் நிற்குமானால் நாடித்துடிப்பில் விரலை வைத்திருக்க வேண்டும். மூச்சு முதலில் நிற்குமானால் மார்பையும் மூக்கையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. குளோரோபோம் இதயத்தையே தாக்கக்கூடியது என்று லண்டனில் ஜோன் ஸ்னோ சொன்னார். அவருக்குப் பின் வந்த ஜோசப் குளோவர், ஒரு கையால் ஆவியைக் கொடுக்கும்போது மற்றக் கையின் விரலை நாடியிலிருந்து எடுக்கவே மாட்டார். அப்படி இருக்கும் அவருடைய நிழற்படமும் உண்டு. எடின்பரோக்காரர்களோ, மூச்சைக் கவனி, நாடியை விடு என்றார்கள்.

இந்தச் சண்டையைத் தீர்க்கும் முயற்சி பெரிய அளவில் நடந்த இடம் லண்டனும் அல்ல, எடின்பரோவும் அல்ல. இந்தியாவின் ஹைதராபாத். அங்கே மருத்துவப் பாடசாலையின் தலைவராக இருந்த எட்வர்ட் லோரி எடின்பரோவில் படித்தவர். 1888இல் அவர் அமைத்த ஆணைக்குழு, மூச்சுத்தான் எப்போதும் முதலில் நிற்கிறது என்று அறிவித்தது. லண்டனின் ‘லான்செட்’ மருத்துவ இதழ் அதை ஏற்கவில்லை. அப்போது ஹைதராபாத்தை ஆண்ட நிஸாம் மஹ்பூப் அலி கானின் அரசு ஆயிரம் பவுண் கொடுத்து, உங்கள் ஆளையே அனுப்பிப் பாருங்கள் என்றது. 1889இல் லோடர் பிரன்டன் வந்தார். நூற்றுக்கணக்கான விலங்குகளில் பரிசோதனை நடந்தது. முடிவு மறுபடியும் லோரியின் பக்கமே: மூச்சைப் பார்.

அந்தக் காலத்தில் ஹைதராபாத்தில் மருத்துவம் படித்த மிகச் சில பெண்களில் ஒருவர் ரூபா பாய் பர்தூன்ஜி. பார்சி இனத்தவர். 1889இல் பட்டம் பெற்று, குளோரோபோம் கொடுப்பதையே தன் பணியாக்கிக்கொண்டார். உலகின் முதல் பெண் மயக்கமருந்து வைத்தியர் என்று இன்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். பெண்களுக்கு ஆசிரியத் தொழில்தான் பொருத்தம் என்று வீட்டில் சொல்லக் கேட்கும் தங்கைகள் இந்தப் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். (ஆசிரியைகள் கோபிக்க வேண்டாம், உங்களால்தான் நான் இங்கே இருக்கிறேன்.)

ஹைதராபாத்தின் முடிவு பாதிதான் சரி. 1911இல் கூட்மன் லெவி என்பவர், குறைந்த அளவு குளோரோபோமிலும் இதயம் ஒழுங்கின்றித் துடித்துத் திடீரென நிற்கக்கூடும் என்று விலங்குகளில் காட்டினார். ஸ்னோவும் சரி, லோரியும் சரி. மூச்சையும் பார்க்க வேண்டும், நாடியையும் பார்க்க வேண்டும். குளோரோபோம் பிற்பாடு கைவிடப்பட்டது. ஆனால் என் முன்னால் இருக்கும் மொனிட்டரில் ஓடும் கோடுகள் அனைத்தும் அந்த இரண்டு கேள்விகளிலிருந்து பிறந்தவைதான்.

அந்தக் கோடுகளுக்கு முன், மயக்கமருந்து இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1917இல் ஹென்றி பொயில் அமைத்த இயந்திரத்தின் வழிவந்தது என்பதால் இன்றும் பழையவர்கள் இதைப் ‘பொயில்’ என்பார்கள். ஒட்சிசனும் வேறு வாயுக்களும் அளவாக வந்து, மயக்க ஆவியோடு கலந்து, குழாய் வழியே நோயாளியிடம் போகும். ஒட்சிசன் சிலிண்டரின் உடல் கறுப்பு, தோள் வெள்ளை. நைதரசு ஒட்சைட்டு நீலம். நிறத்தை மட்டும் நம்புவதில்லை. சிலிண்டரின் கழுத்தில் இரண்டு துளைகள் இருக்கும், இயந்திரத்தில் அதற்கேற்ற இரண்டு ஊசிகள் இருக்கும். வாயுவுக்கு வாயு துளைகளின் இடம் வேறு. எவ்வளவு களைத்துப்போனவரும் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தில் மற்றதை மாட்ட முடியாது. மனிதர் தவறு செய்வார் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை நிறைய வெள்ளை மணிகள் இருக்கும். சோடாச் சுண்ணாம்பு. நோயாளி வெளிவிடும் வாயுவை அப்படியே திரும்பக் கொடுத்தால் காபனீரொட்சைட்டும் திரும்பப் போகும். அதை இந்த மணிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. இவற்றில் பெரும்பகுதி கல்சியம் ஐதரொட்சைட்டு, அதாவது மூத்தம்மா வெற்றிலையில் தடவும் அதே சுண்ணாம்பு. தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் ஊதினால் பால்போல வெண்மையாகும் என்று ஆய்வுகூடத்தில் செய்து பார்த்திருப்பீர்களே, அந்தத் தாக்கம்தான் இங்கேயும். கல்சியம் காபனேற்று உண்டாகும், நீர் உண்டாகும், வெப்பமும் உண்டாகும். நாங்கள் பாவிக்கும் வகையில் மணிகள் களைத்துப்போனால் ஊதா நிறமாகும். ‘இதைப் படித்து எங்கே பாவிக்கப் போகிறோம்’ என்று அன்று நான் பின்வாங்கில் இருந்து கேட்ட கேள்விக்கு விடை அந்தக் குடுவைக்குள் இருக்கிறது.

கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். இயந்திரத்தில் மின்கலம் உண்டு, வைத்தியசாலையில் ஜெனரேட்டர் உண்டு. இரண்டும் ஏமாற்றினால் கையால் அமுக்கும் பை ஒன்று பக்கத்தில் தொங்குகிறது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம். காலையில் முதலில் அந்தப் பையைத்தான் பார்ப்பேன்.

பின்னேரம் அந்தப் பிள்ளையை மேசையில் கிடத்தி, விரலில் கிளிப்பை மாட்டினேன். எண் வரவில்லை. விரலை மாற்றினேன். கோடு நடுங்கியது, ஓர் எண் வந்தது, மறைந்தது. இரண்டு கைகளிலும் நுனிவிரல் வரை, நகம் மூடக் கறுப்பு மருதோன்றி.

அந்தக் கிளிப்பின் பெயர் ஒக்சிமீற்றர். கொரோனா காலத்தில் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்திலிருந்து இரண்டு ஒளிகள் விரலுக்குள் போகின்றன. ஒன்று சுமார் 660 நனோமீற்றர் அலைநீளச் சிவப்பு, மற்றது சுமார் 940 நனோமீற்றர் அலைநீளச் செந்நிறக்கீழ்க் கதிர். ஒட்சிசன் ஏறிய ஈமோகுளோபின் சிவப்பைப் போகவிடும், ஒட்சிசன் இல்லாதது சிவப்பை உறிஞ்சும். மறுபக்கம் வந்துசேரும் ஒளியின் விகிதத்திலிருந்து, குருதியில் எத்தனை வீதம் ஒட்சிசன் ஏறியிருக்கிறது என்று கணக்கிடலாம். ஆனால் தோல், எலும்பு, நகம் எல்லாம் ஒளியை மறைக்குமே? அதைத் தீர்த்தவர் ஜப்பானின் தக்குவோ அஒயாகி. அவர் வேறொன்றை அளக்கப் போனபோது நாடித்துடிப்பின் அலை வந்து வந்து அளவைக் குழப்பியது. தொல்லையாக இருந்த அந்த அலையையே அவர் பயன்படுத்திக்கொண்டார். துடிப்போடு மாறுவது நாடிக் குருதி மட்டும்தான். மாறாதது எல்லாம் தோலும் எலும்பும். மாறும் பகுதியை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். இது 1974இல். அவர் 2020 ஏப்ரலில் காலமானார். உலகம் முழுவதும் அவருடைய கருவியைக் கடைகளில் தேடிக்கொண்டிருந்த மாதம் அது.

சாதாரணமாகச் சிவந்த மருதோன்றி பெரும்பாலும் ஒளியைத் தடுப்பதில்லை. கறுப்பு மருதோன்றி என்று விற்கும் கோன்களில் தலைச்சாயத்தில் சேர்க்கும் இரசாயனம் கலந்திருக்கும். அது அடர்த்தியாகப் படிந்தால் ஒளி போகாது. கறுப்பு, நீல நகப்பூச்சும் அப்படியே. நகப்பூச்சை அழித்துவிடலாம், மருதோன்றியை அன்றே அழிக்க முடியாது. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் ஒரு கையிலாவது இரண்டு விரல் நகங்களை விட்டுவைத்துப் போடுங்கள். திடீரென வரும் அப்பெண்டிக்ஸுக்கு அது பொருந்தாது. நல்லவேளை அவள் காலுக்குப் போட்டிருக்கவில்லை. பெருவிரலில் மாட்டினேன். 99 என்று வந்தது.

தோலின் நிறமும் இந்தக் கருவியைச் சற்று ஏமாற்றும். அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வொன்றில், கருவி நல்ல எண் காட்டிக்கொண்டிருக்க உண்மையில் ஒட்சிசன் குறைந்திருந்தது, வெள்ளை நிறத்தவரைவிடக் கறுப்பினத்தவரில் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று கண்டார்கள். எங்களைப் போன்ற நிறமுடையவர்களும் நினைவில் வைக்கவேண்டிய செய்தி. எண் நன்றாக இருந்தாலும் உதட்டின் நிறத்தை நான் குனிந்து பார்ப்பது அதனால்தான்.

இந்தக் கருவிக்கு ஒரு குரல் உண்டு. ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் ஓசை. ஒட்சிசன் குறையக் குறைய அந்த ஓசையின் சுருதி இறங்கும். திரையைப் பார்க்காமலே காதால் தெரிந்துகொள்ளலாம். ஓசை சற்று இறங்கினாலே சத்திரசிகிச்சை நிபுணரின் கை நின்றுவிடும், எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நிலாக்காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பை வாவிக்குள் இறக்கி மறுநுனியில் காதை வைத்து மீன்பாட்டுக் கேட்பார்கள் என்று வாப்பா சிறுவயதில் சொல்வார். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு மூத்த வைத்தியர் கைக்குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை ஒட்டி, அதன் நீண்ட குழாயை என் காதில் வைத்து, ‘ஒப்பரேஷன் முடியும் வரை எடுக்காதே’ என்றார். எனக்கு அந்தத் துடுப்புத்தான் நினைவுக்கு வந்தது. இப்படி இடைவிடாமல் கேட்பதை 1908இல் வலியுறுத்தியவர் ஹார்வி குஷிங். அவர் மாணவராக இருந்தபோது அவர் ஈதர் கொடுத்த ஒரு நோயாளி இறந்துபோனார். அதன் பின் 1894இல் அவரும் நண்பர் கொட்மனும் நாடி, மூச்சு முதலியவற்றை இடைவிடாமல் தாளில் குறிக்கத் தொடங்கினார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் இன்று நிரப்பும் தாள், அந்த இரண்டு மாணவர்களின் தாளிலிருந்து வந்தது.

ஒக்சிமீற்றரில் ஒரு குறை உண்டு. அது பிந்திச் சொல்லும். மயக்கத்துக்கு முன் மூக்கிலும் வாயிலும் முகமூடியை வைத்து மூன்று நிமிடம் ஒட்சிசன் கொடுப்போம். பயப்பட வேண்டாம், அது மயக்கமருந்து அல்ல. அது சுவாசப்பைக்குள் ஒரு சேமிப்பு. அதன்பின் மூச்சு நின்றாலும் ஆரோக்கியமானவரில் எண் பல நிமிடம் 99இலேயே நிற்கும், பின்பு வேகமாக விழும். ஆகவே மூச்சுக்குழாயை வாதனாளிக்குள் வைக்காமல் தவறிக் களத்துக்குள் வைத்துவிட்டால் ஒக்சிமீற்றர் உடனே காட்டாது. உடனே காட்டுவது கப்னோகிராப். வெளிவிடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டை அது அலையாக வரையும். ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே தட்டையான ஒரு மேடு. உயரம் 35 முதல் 45 மில்லிமீற்றர் இரசம் வரை. குழாயை வைத்ததும் நான் பார்ப்பது அந்த மேட்டைத்தான். ஆறேழு மேடுகள் ஒழுங்காக வந்த பிறகுதான் என் மூச்சு எனக்குத் திரும்பும்.

முதுகில் போடும் ஊசியைப் பற்றியும், அதனால் காலமெல்லாம் இடுப்பு நோகும் என்ற பேச்சைப் பற்றியும் எழுத இடமில்லை. அடுத்த இதழில் கேட்டால் எழுதுகிறேன்.

அந்த உம்மாவின் கேள்விக்குச் சட்டமாகவே பதில் எழுதியவர்கள் உண்டு. ஹார்வார்ட் மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த வைத்தியசாலைகளில் மயக்கத்தின்போது நேர்ந்த விபத்துக்களை ஆராய்ந்து, 1986இல் சில விதிகளை வெளியிட்டார்கள். கருவிகளைப் பற்றியும் அதில் உண்டு. ஆனால் அடிப்படை விதி, மயக்கம் கொடுப்பவர் தொடக்கம் முதல் முடிவு வரை அறைக்குள் இருக்க வேண்டும் என்பது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் ஒக்சிமீற்றர் மாட்டி வேலை செய்கிறதா என்ற கேள்வியும் இருக்கிறது. மயக்கத்துக்கு முன்பே சத்தமாகக் கேட்டுப் பதில் பெற வேண்டும். பெயரையும் எந்தச் சிகிச்சை என்பதையும் நான்கைந்து பேர் மாறி மாறிக் கேட்டால் எரிச்சல் கொள்ளாதீர்கள். அசையும் பல், இளைப்பு வருத்தம், முன்பு மயக்கமருந்தால் வந்த பிரச்சினை, வீட்டில் யாருக்காவது அப்படி நேர்ந்தது, குடிக்கும் கசாயம், எல்லாவற்றையும் அப்போது சொல்லுங்கள்.

அவளுடைய சத்திரசிகிச்சை 50 நிமிடம் எடுத்தது. நடுவில் ஒருமுறை குருதியமுக்கம் இறங்கியது, சேலைனைக் கூட்டினேன், சரியாகியது. தாளில் பத்துப் புள்ளிகள். கடைசியில் ஆவியை நிறுத்தி, மேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளாகவே விடும் மூச்சின் மேடு முதலில் சிறிதாக வந்தது, பின்பு ஒழுங்காகியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கண் திறந்தாள். குழாயை எடுத்தேன். இருமினாள். அந்த இருமலைப் போல நல்ல சத்தம் அன்று வேறொன்றும் நான் கேட்கவில்லை.

கதவடிக்குப் போனேன். உம்மா அதே இடத்தில் நின்றிருந்தார்.

“முழிச்சிட்டா. உங்களத்தான் கேக்கிறா.”

“நீங்க போகல்லதானே?”

“போகல்ல உம்மா.”

திரும்பி உள்ளே வந்தபோது அடுத்த நோயாளியின் கோப்பு மேசையில் இருந்தது. சுண்ணாம்புக் குடுவை பாதிக்கு மேல் ஊதாவாகியிருந்தது. மாற்றித் தரும்படி தாதியிடம் சொல்லிவிட்டு, கைப்பையை ஒருமுறை அமுக்கிப் பார்த்தேன்.